கார்வர் பிறந்த பண்ணைக்கு அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆர்கன்சாஸில் பென்டன்வில் பக்கம் குடியிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் போகும் வயதில் இரண்டு பிள்ளைகள். மிசூரியில் டைமண்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் அடிமையாகப் பிறந்து வேளாண் விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் தேசிய நினைவிடம் இருப்பது தெரிந்து போகலாம் என்று நினைத்தபோது, போய்வந்த நண்பர் ஒருவர் "அங்கே ஒன்றுமில்லை, வெறும் புல்வெளி, பிறந்த வீடுகூடக் கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஒரு நாளைச் செலவழிக்கலாமா என்று கேட்கிறீர்கள். போகலாமா என்றால் போகலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: வீடு இல்லாத இடத்தில் ஒரு மனிதனுடைய சிறுவயதை எப்படிப் பார்ப்பது, பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் எதைக் காட்டுவது? அதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தது மண்ணியல். மிசூரியின் தென்மேற்குப் பகுதி நிலங்களில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், இந்தப் பண்ணைக்கு எல்லாப் பருவத்திலும் போயிருக்கிறேன், வந்தவர்களைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். மண், செடி, பயிர் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். வரலாறு என் துறை இல்லை, அதில் ஆவணம் இருப்பதையும், வழிவழியாகச் சொல்லப்படுவதையும் பிரித்துப் பிரித்தே சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னது பொய் இல்லை. கார்வர் பிறந்த மரக்குடில் இன்று இல்லை. அது இருந்ததாகக் குறித்திருக்கும் இடத்தில் மரச்சட்டங்களை நாலு பக்கமும் தரையில் போட்டு, சுவர் எங்கே நின்றது என்று காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு அறை. முதல்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு "இதற்கா வந்தோம்" என்று முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பண்ணை இருக்கிறது. மோசஸ் கார்வர் என்ற விவசாயியின் 240 ஏக்கர் நிலம் அது. அதில் பெரும்பகுதி இன்று தேசியப் பூங்காத் துறையிடம் பத்திரமாக இருக்கிறது. சிறுவன் தண்ணீர் எடுத்த ஊற்று இருக்கிறது, ஓடை இருக்கிறது, காடு இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. ஒரு தாவரவியலாளனின் சிறுவயதைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டைவிட இவைதானே முக்கியம்? அந்தப் பையன் வீட்டுக்குள் உட்கார்ந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன், அதற்கு வருகிறேன், ஆனால் அவனை உருவாக்கியதில் பாதிக்கு மேல் அந்த மரங்களுக்கு நடுவே நடந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போவதற்கு முன் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும். மோசஸ், சூசன் கார்வர் தம்பதி 1855-ல் மேரி என்ற பெண்ணை 700 டாலருக்கு விலைக்கு வாங்கினார்கள். அந்த விற்பனைச் சீட்டு இன்றும் இருக்கிறது, அதில் அவளுக்கு வயது 13 என்று எழுதியிருக்கிறது. மேரியின் பிள்ளைகள்தான் ஜிம்மும் ஜார்ஜும். ஜார்ஜின் அப்பா பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்தவர், அவன் பிறந்த சமயத்தில் ஒரு விபத்தில் இறந்துவிட்டார் என்று கார்வர் கேள்விப்பட்டதைத்தான் பிறகு எழுதினார். அதற்கு மேல் ஆதாரம் கிடையாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், மிசூரி எல்லைப்பகுதியில் கொள்ளைக் கும்பல்கள் இரவில் பண்ணைகளுக்குள் புகுந்து அடிமைகளைத் தூக்கிப்போய்த் தெற்கே விற்றுக்கொண்டிருந்தன. அப்படி ஒரு கும்பல் மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் கடத்திக்கொண்டு போனது. மோசஸ் ஒரு ஆளை அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது, கக்குவான் இருமலில் உயிர் போகும் நிலையில். தாய் கிடைக்கவே இல்லை. குழந்தையை மீட்டதற்கு ஒரு பந்தயக் குதிரை கைமாறியது, அதன் மதிப்பு 300 டாலர் என்று கார்வரே தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். கடத்தலும் தாயை இழந்ததும் உறுதி. குதிரை, தொகை போன்ற விவரங்கள் அவர் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை, அவருக்கே நினைவிருக்க வழியில்லை. ஒவ்வொரு நூலிலும் கொஞ்சம் மாறி வரும், அதைப் பார்த்து யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பிறந்த தேதியும் அப்படித்தான். 1864 என்று ஒரு இடத்தில் இருக்கும், 1865 என்று இன்னொரு இடத்தில் இருக்கும். அடிமைப் பிள்ளைகளின் பிறப்பை யாரும் பதிவு செய்யவில்லை, போர் முடியும் தறுவாயில் பிறந்தேன் என்றுதான் கார்வராலேயே சொல்ல முடிந்தது. மிசூரி மாநிலம் அடிமைமுறையை ஒழித்தது 1865 ஜனவரி 11-ந்தேதி. அடிமையாகப் பிறந்தவர் என்று எல்லாரும் சொல்வதும் அவரே சொன்னதும் சரியென்றால், பிறப்பு அதற்கு முன்னால் இருக்க வேண்டும். அதனால்தான் 1864 என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் மூத்த பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், ஆவணம் இல்லாதபோது ஒரு தேதியை எப்படி நெருங்குவது என்று அந்த வயதில் நன்றாகவே பிடிபடும்.

இனி அங்கே எப்படி நடப்பது என்று சொல்கிறேன். முதலில் பார்வையாளர் மையம். அருங்காட்சியகம், படக்காட்சி, பிள்ளைகள் தொட்டுப் பார்த்துச் செய்து பார்க்கும் பகுதிகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஜூனியர் ரேஞ்சர் பயிற்சித்தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு பேட்ஜ் தருவார்கள். என் யோசனை, உள்ளே அரைமணி நேரத்துக்கு மேல் இருக்காதீர்கள். முதலில் நடந்துவிட்டு வாருங்கள், மீதியைத் திரும்பி வந்து பார்க்கலாம். பிள்ளைகள் உள்ளே களைத்துப்போனால் வெளியே ஊற்றுவரைகூட வரமாட்டார்கள்.

கார்வர் பாதை ஏறக்குறைய ஒரு மைல் வட்டம். பிறந்த இடம் தொடக்கத்திலேயே வந்துவிடும். அங்கிருந்து மரங்களுக்குள் இறங்கினால் சிறுவன் கார்வரின் வெண்கலச் சிலை. ராபர்ட் அமெண்டோலா என்ற சிற்பி செய்தது, பையன் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறான், கையில் ஒரு சிறு செடி. இந்த நாட்டில் பெரிய மனிதர்களின் நினைவிடங்களில் வழக்கமாகக் கோட்டுப் போட்ட கிழவரைத்தான் பார்ப்போம். இங்கே ஒரு குழந்தை, காட்டுக்குள், தனியாக. எனக்கு அந்த முடிவு மிகவும் பிடிக்கும். உங்கள் பிள்ளைகள் உயரத்துக்கு அவன் முகம் சரியாக எட்டாது, ஆனால் அவர்கள்தான் முதலில் அவன் கையைப் பார்ப்பார்கள்.

அடுத்தது ஊற்று. இங்கே நிற்க வேண்டும். அப்பாவை அங்கே கொஞ்சம் உட்கார வையுங்கள். அந்தப் பகுதி முழுக்க அடியில் சுண்ணாம்புப் பாறை, நடுநடுவே உடைந்த கூர்மையான சக்கிமுக்கிக் கல் வகை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்பில் இறங்கி, கீழே ஓடி, இப்படிப் பள்ளமான இடத்தில் வெளியே வருகிறது. பாதையோரத்தில் மண் சரிந்த இடம் எங்கேயாவது இருந்தால் பாருங்கள், கைப்பிடி மண்ணில் பாதி கல்லாக இருக்கும். உழுகிறவனுக்கு எரிச்சலான மண். ஆனால் ஒரு பண்ணைக்குள்ளேயே ஈரமான ஓடைக்கரை, நிழல் காடு, காய்ந்த மேட்டுப் புல்வெளி என்று மூன்று வகையான இடம் நடக்கும் தூரத்தில் கிடைக்கிறது, மூன்றிலும் வேறு வேறு செடி. ஒரே செடி ஓரிடத்தில் தழைத்தும் இன்னோரிடத்தில் சோர்ந்தும் நிற்பதை ஒரு பையன் நாள் முழுக்கப் பார்க்க முடிந்தது. நிழல், ஈரம், மண் ஆகிய மூன்றும் செடியை என்ன செய்யும் என்று கற்க இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. இது மண்ணியல்காரனாக என் வாசிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கார்வர் தன் சிறுவயதைப் பற்றி எழுதியதோடு இது நன்றாகவே ஒத்துப்போகிறது.

அவர் எழுதியது என்ன? நாள்தோறும் தனியாகக் காட்டுக்குள் போய்ப் பிடித்த செடிகளைச் சேகரித்து வந்து, வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் புதருக்குள் மறைத்து ஒரு சின்னத் தோட்டம் வைத்திருந்தாராம். ஏன் மறைத்து? பூச்செடிகளோடு நேரத்தை வீணாக்குவது அந்தப் பக்கத்தில் பைத்தியக்காரத்தனம் என்று பார்க்கப்பட்டதால். அப்புறம் அவர் கை பட்டால் செடி பிழைக்கிறது என்று பேச்சுப் பரவி, அக்கம்பக்கத்தார் வாடிப்போன செடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், 'செடி வைத்தியர்' என்று பெயர் வந்தது. அந்த வயதில் அவருக்கு வாசிக்கவே சரியாகத் தெரியாது. வீட்டில் இருந்தது வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டுப் புத்தகம் ஒன்று, அதை மனப்பாடமாக முடித்துவிட்டார், ஆனால் அவர் கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. அந்த மறைவுத் தோட்டம் எங்கே இருந்தது என்று காட்ட ஒரு குறியும் இல்லை. பிள்ளைகளிடம், "நீயாக இருந்தால் எங்கே ஒளித்து வைப்பாய்?" என்று கேளுங்கள். வெயில் வேண்டும், தண்ணீர் பக்கத்தில் வேண்டும், வீட்டிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது. நான் கூட்டிப்போன பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையில் அந்தக் காட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குள் கற்றதையும் சொல்ல வேண்டும் என்றேன். நோயில் அடிபட்ட உடம்பு என்பதால் ஜார்ஜை வயல்வேலைக்கு அனுப்பவில்லை, அண்ணன் ஜிம்தான் மோசஸோடு வெளிவேலை செய்தான். ஜார்ஜ் சூசனோடு இருந்து சமையல், துவையல், தையல், காய்கறித் தோட்டம் எல்லாம் கற்றான். பின்னாளில் மாநிலம் மாநிலமாக அலைந்து படித்தபோது வயிற்றுப்பாட்டைத் தீர்த்தது இந்தத் துணி துவைக்கிற தொழில்தான். அலபாமாவில் அவர் பிறகு பாடம் நடத்திய டஸ்கீகி கல்லூரியில் எழுதிய விவசாயக் குறிப்பேடுகளைப் படித்தால், பயிர் வளர்ப்பது எப்படி என்பதோடு அதை எப்படிச் சமைப்பது, எப்படிப் பதப்படுத்துவது என்பதும் சேர்ந்தே வரும். 1916-ல் வந்த நிலக்கடலைக் குறிப்பேட்டில் 105 சமையல் முறைகள். வேளாண் விஞ்ஞானி சமையல் குறிப்பு எழுதுகிறாரே என்று சிலர் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். சூசனின் அடுப்படியில் வளர்ந்தவருக்கு அந்தக் கோடு இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாதையில் குட்டையைச் சுற்றிப் போனால் 1881-ல் கட்டிய மோசஸ் கார்வரின் வீடு வரும். இதைத்தான் பலர் கார்வர் வளர்ந்த வீடு என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். அது தவறு. அந்த வீடு கட்டப்பட்டபோது ஜார்ஜ் பண்ணையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வீடு இப்போது நிற்கும் இடமும் முதலில் கட்டிய இடம் இல்லை, நகர்த்தி வைத்தது. பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்தக் காலத்து நடுத்தர விவசாயி எப்படி இருந்தார் என்று தெரியும். அதைத் தாண்டினால் குடும்பக் கல்லறைத் தோட்டம். மோசஸும் சூசனும் அங்கே இருக்கிறார்கள். கார்வர் இங்கே இல்லை, அலபாமாவில் டஸ்கீகியில், அந்தக் கல்லூரியைத் தொடங்கிய புக்கர் டி. வாஷிங்டனின் சமாதிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

வழி நெடுகப் புல்வெளி வரும், உங்கள் நண்பர் "வெறும் புல்" என்று சொன்னது இதைத்தான். அது வெறும் புல் இல்லை. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் பரந்து கிடந்த உயரப் புல்வெளி கிட்டத்தட்ட முழுக்க உழப்பட்டுப் போய்விட்டது, இங்கே அதைத் திரும்பக் கொண்டுவர முயற்சி செய்து, இடையிடையே திட்டமிட்டுத் தீ வைத்துப் பராமரிக்கிறார்கள். தீ வைப்பது ஏன் என்று அப்பாவுக்கு விளக்கத் தேவையிருக்காது: மரமும் புதரும் ஏறாமல் இருக்க, பழைய தாள் கருகிப் புதுத் தளிர் வர. செப்டம்பரில் போனால் பெரிய நீலத்தண்டுப் புல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், கதிர் மூன்றாகப் பிரிந்து கோழிக்கால் மாதிரி இருக்கும், நம் ஊர் அருகம்புல் கதிரின் பெரிய அண்ணன் என்று அப்பாவே சொல்லிவிடுவார்.

அப்பாவுக்காக நிலக்கடலைக்கு வருகிறேன். அந்தப் பண்ணையில் நிலக்கடலைக்காகப் போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். கார்வரின் நிலக்கடலை அத்தியாயம் அங்கிருந்து வெகுதூரத்தில், அவர் 1896-ல் டஸ்கீகி போன பிறகு நடந்தது. பள்ளிப் பாடங்களில் வரும் "நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர்" என்பது தவறு. கனடாவில் மார்செல்லஸ் எட்சன் என்பவர் 1884-லேயே வறுத்த கடலையை அரைத்து விழுதாக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். நிலக்கடலையிலிருந்து 300 பொருள் என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டியல் உண்டு, ஆனால் அதில் சமையல் வகைகளும், ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாத சாயங்களும், முன்பே தெரிந்திருந்தவையும் சேர்ந்திருக்கின்றன. செய்முறையைப் பலவற்றுக்கு அவர் எழுதி வைக்கவும் இல்லை. அவர் வாங்கிய காப்புரிமைகள் மூன்றே மூன்று, அழகுப்பொருளுக்கும் வர்ணத்துக்குமாக. இதைச் சொல்வதால் அவர் சிறுத்துவிடுவதில்லை. அவர் செய்த பெரிய வேலையை இந்தப் பட்டியல் மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

அந்த வேலை உங்கள் அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்த அதே வேலை. தென்மாநிலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பருத்தி, மறுபடியும் பருத்தி. மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) வற்றிப்போயிருந்தது. விடுதலையான கறுப்பின மக்களில் பெரும்பாலோர் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிறர் நிலத்தில் பயிர் செய்தவர்கள், உரம் வாங்கக் காசு கிடையாது, கடையில் கடன். அவர்களிடம் போய்த் தட்டைப்பயறு போடுங்கள், சர்க்கரைவள்ளி போடுங்கள், நிலக்கடலை போடுங்கள், காட்டு இலைச் சருகையும் குளத்துச் சேற்றையும் மக்க வைத்துப் போடுங்கள் என்று சொன்னார். பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கிறது என்று ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவியது 1880-களின் பிற்பாதியில். பத்து வருடத்துக்குள் அதை, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்குப் புரிகிறபடி கார்வர் வயலில் கொண்டுபோய் வைத்தார். 1906-ல் கோவேறுக் கழுதை பூட்டிய வண்டியில் கருவிகளையும் விதையையும் ஏற்றி, விவசாயியின் வாசலுக்கே போகும் ஏற்பாடு டஸ்கீகியில் தொடங்கியது. களத்தில் அந்த வண்டியை நடத்தியவர் தாமஸ் கேம்ப்பெல். ஜெசப் வண்டி என்று பெயர். பயிற்சி முகாம், செயல்விளக்கத் திடல் என்று நம் ஊரில் சொல்வதற்கெல்லாம் அது ஒரு முன்னோடி. அப்பாவிடம் இந்தப் படத்தை அருங்காட்சியகத்தில் தேடிக் காட்டுங்கள், பேச்சு தானாக வரும்.

இன்னொரு கண்ணியும் அவருக்குப் பிடிக்கும். கார்வர் அயோவா மாநில வேளாண் கல்லூரியில் 1894-ல் பட்டமும் 1896-ல் முதுகலைப் பட்டமும் வாங்கினார், அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர். அங்கே இருந்த ஹென்றி வாலஸ் என்பவரின் குட்டிப் பையனைக் கூட்டிக்கொண்டு காட்டிலும் வயலிலும் செடி பார்க்கப் போவார். பூவின் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்டிச் செடிகளின் மேல் ஆசையை உண்டாக்கியவர் கார்வர்தான் என்று அந்தப் பையன் பெரியவனானதும் நன்றியோடு சொன்னான். அவன் பெயரும் ஹென்றி வாலஸ். கலப்பின மக்காச்சோள விதைக் கம்பெனியை 1926-ல் தொடங்கியவர், அமெரிக்க வேளாண் அமைச்சர், பிறகு துணை ஜனாதிபதி. 1940-ல் மெக்சிகோ போய் அங்கே தானிய விளைச்சல் மோசமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒரு வேளாண் திட்டம் தொடங்கும்படி ராக்பெல்லர் அறக்கட்டளையைத் தூண்டினார். அந்தத் திட்டத்தில் 1944-ல் வேலைக்குச் சேர்ந்தவர் நார்மன் போர்லாக். அவருடைய குட்டைக் கோதுமை 1960-களில் இந்தியாவுக்கு வந்த கதை உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. இதில் ஒவ்வொரு கண்ணியும் பதிவுள்ள செய்தி. ஆனால் கார்வர் இல்லாவிட்டால் போர்லாக் இல்லை என்று யாராவது இழுத்தால் அது மிகை, வாலஸ் குடும்பமே விவசாயக் குடும்பம், அவருக்கு வேறு ஆசிரியர்களும் இருந்தார்கள்.

பிள்ளைகளிடம் அடிமைமுறையைப் பற்றிப் பேசலாமா என்று உங்கள் கேள்வியின் கடைசி வரியில் தயங்கியிருந்தீர்கள். பேசுங்கள். அதைத் தவிர்த்துவிட்டு அந்த இடத்தைப் பார்க்கவே முடியாது. மோசஸ், சூசன் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: மோசஸ் கொள்கையளவில் அடிமைமுறையை எதிர்த்தவர், உள்நாட்டுப் போரில் ஒன்றியத்தின் பக்கம், அதாவது வடமாநிலங்களின் பக்கம் நின்றவர் என்று சொல்லப்படுகிறது, ஆனாலும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணை விலைக்கு வாங்கினார். தாயில்லாத இரண்டு பிள்ளைகளை அந்தத் தம்பதி வளர்த்தார்கள், கார்வர் அவர்களைப் பற்றிக் கடைசிவரை நன்றியோடுதான் பேசினார். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மழுப்பாதீர்கள். இன்னொன்றும் காட்டுங்கள். ஒரு மைல் தூரத்தில் லோகஸ்ட் குரோவ் என்ற இடத்தில் ஒரே கட்டடம் தேவாலயமாகவும் பள்ளியாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் அங்கே போய் உட்காரலாம். திங்கட்கிழமை அதே கட்டடத்தில் பாடம் படிக்க அவனுக்கு அனுமதி இல்லை, தோல் கறுப்பு என்பதால். படிக்க வேண்டுமென்றால் எட்டு மைல் தள்ளி நியோஷோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி. பன்னிரண்டு வயதுபோல இருக்கும்போது அந்தப் பையன் தனியாக அந்த எட்டு மைல் நடந்து போனான். பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லப் பெரிய விளக்கம் எதுவும் தேவைப்படாது.

நியோஷோ போன முதல் இரவு ஒரு தொழுவத்தில் தூங்கியதாகச் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரி மரியா வாட்கின்ஸ், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி, பச்சிலை வைத்தியம் தெரிந்தவர். அவரும் கணவர் ஆண்ட்ரூவும் அவனை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். "கார்வர் வீட்டு ஜார்ஜ்" என்று தன்னை அறிமுகப்படுத்தியவனை, இனி ஜார்ஜ் கார்வர் என்று சொல் என்று மரியாதான் திருத்தினாராம். படித்ததை எல்லாம் உன் மக்களுக்குத் திருப்பிக் கொடு என்று அவர் சொன்னதாக வரும் வாக்கியம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னாரா என்று நிரூபிக்க முடியாது, ஆனால் மரியா இருந்ததும், அந்த வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்ததும், கார்வர் அவரை மறக்காததும் உறுதி.

நினைவிடம் எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கார்வர் 1943 ஜனவரி 5-ல் இறந்தார். அதே வருடம் ஜூலை 14-ல் இதைத் தேசிய நினைவிடமாக்கும் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். செனட்டில் இதற்காக நின்றவர் ஹாரி ட்ரூமன், அவரும் பக்கத்து ஊர் லாமரில் பிறந்தவர்தான். கறுப்பினத்தவர் ஒருவருக்காக அமெரிக்க அரசு அமைத்த முதல் தேசிய நினைவிடம் இது. அதுவரை பிறந்த இடம் என்று தேசிய அளவில் காத்து வைக்கப்பட்டது ஜனாதிபதிகளுக்குத்தான். உலகப் போர் நடுவில், ஒரு விவசாய ஆசிரியருக்கு, பேருந்தில்கூட இனப் பாகுபாடு இருந்த காலத்தில். அது சின்ன விஷயம் இல்லை.

இனி நடைமுறை. பென்டன்வில்லிலிருந்து ஐ-49 வழியாக வடக்கே போனால் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். நுழைவுக் கட்டணம் கிடையாது. திறக்கும் நாளும் நேரமும் அவ்வப்போது மாறுகிறது, கிளம்புவதற்கு முந்தின நாள் பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள் அல்லது போன் பண்ணுங்கள். உள்ளே சாப்பாட்டுக் கடை இல்லை, உட்கார்ந்து சாப்பிட மேசைகள் உண்டு, புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போவது உத்தமம். ஏப்ரல் கடைசி, மே மாதம் காட்டுப்பூக்களுக்கு நல்லது, செப்டம்பர் புல்வெளிக்கு நல்லது. ஜூலை, ஆகஸ்ட்டில் புழுக்கம் கடுமையாக இருக்கும், அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிருந்தால் காலையிலேயே நடையை முடித்துவிடுங்கள். பாதை பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது, ஆனால் மழைக்குப் பிறகு காட்டுப்பகுதி வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

உண்ணி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மிசூரியில் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம்வரை உண்ணி உண்டு, நோயும் பரப்பும். முழுக்கால் சட்டை, காலுறைக்குள் செருகி, பூச்சித் தடுப்புத் தைலம் தடவி, பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்காமல் நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். அப்பா ஆர்வத்தில் எந்தச் செடியையும் கிள்ளி முகர்ந்து பார்க்கப் போவார், வேளாண்மைக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மூன்று மூன்று இலையாக மரத்தில் ஏறும் கொடி ஒன்று இருக்கும், பாய்சன் ஐவி, தொட்டால் தோல் கொப்பளித்துவிடும், அதை முதலிலேயே காட்டிவிடுங்கள். தேசியப் பூங்கா என்பதால் செடி பறிக்கவும் கூடாது.

நடையும் அருங்காட்சியகமும் சேர்ந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். மீதி நாளுக்கு நியோஷோ போங்கள், கார்வர் நடந்த அதே எட்டு மைல், காரில் பத்துப் பதினைந்து நிமிடம். அங்கே 1888-ல் தொடங்கிய அரசு மீன்குஞ்சுப் பண்ணை இன்றும் நடக்கிறது, நாட்டிலேயே தொடர்ந்து இயங்கும் கூட்டாட்சி மீன் பண்ணைகளில் மிகப் பழையது, பார்க்கக் காசு இல்லை. பிள்ளைகள் தொட்டியை விட்டு நகரமாட்டார்கள், அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.